கவிழ்த்த கையும் காத்த கையும்

நட்டத்திலே வீழ்ந்துவிட்ட தொழிலை நாடாளும் அரசு தூக்கி நிறுத்தலாமா, கூடாதா? படிப்பகத்துத் திண்ணையிலே இளைஞர் நால்வர் கூடினால் இன்று எழும் வாதங்களில் இதுவும் ஒன்று. நிறுத்தலாம் என்பாருக்கு ஒரு காரணம் உண்டு: தொழில் வீழ்ந்தால் தொழிலாளி தெருவிலே நிற்பான். கூடாது என்பாருக்கும் காரணம் உண்டு: ஆதாயம் வந்தபோது பெட்டியைப் பூட்டிக்கொண்டவன், நட்டம் வந்ததும் ஊரார் வரிப்பணத்துக்குக் கை நீட்டுவது என்ன நியாயம்? இரண்டும் பொருளற்ற பேச்சல்ல. ஆனால் இரு சாராரும் ஒன்றை மறந்துவிட்டே வாதிடுகின்றனர். அரசு என்கிறார்களே, அது எவருடைய அரசு? வீழ்ந்தது என்கிறார்களே, தானாக வீழ்ந்ததா, தள்ளப்பட்டு வீழ்ந்ததா?

விடை தேடி இலண்டனுக்கும் நியூயார்க்குக்கும் செல்வோர் செல்லட்டும். நாம் தூத்துக்குடிக்குச் செல்வோம்.

கொற்கை முத்தின் புகழைக் கடல் கடந்து கொண்டுசென்ற கரை அது. முத்தும் சங்கும் உப்பும் மீனும் தந்து, தந்தவன் மட்டும் ஏழையாகவே இருந்துவந்த கரை. அந்தத் துறையிலே, 1906ஆம் ஆண்டு தொடங்கி 1911 வரை, ஐந்தே ஆண்டுகள், ஒரு கம்பெனி எழுந்தது, கலம் ஓட்டியது, கலைந்து போயிற்று. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி என்பது அதன் பெயர். அதன் உயிர் வ. உ. சிதம்பரனார். கப்பலோட்டிய தமிழன் என்று கண்ணீர் மல்கப் பேசுவோர் நம்மிடையே பலர். கம்பெனியின் கணக்கேட்டைப் புரட்டிப் பார்ப்போர் மிகச் சிலர். வீரத்தைப் போற்றுவது எளிது. வீழ்ச்சியின் காரணத்தை ஆராய்வது கடினம். பகுத்தறிவாளருக்கு உரிய வேலை இரண்டாவது.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட கடல் வழி, அந்நாளில் பொன் விளையும் வழியாக இருந்தது. 1876இல் இரயில் பாதை தூத்துக்குடியை எட்டியபின், சென்னையிலிருந்து இலங்கைக்குச் செல்வோர் இரயிலிலே வந்து இங்கே கப்பல் ஏறினர். தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன நம் மக்கள் ஆயிரம் ஆயிரமாக இந்தத் துறையிலேதான் தாய்மண்ணைக் கடைசியாகக் கண்டனர். ஆளும் போயிற்று, அரிசியும் போயிற்று, துணியும் போயிற்று. அத்தனையையும் ஏற்றிச் சென்று கட்டணம் வாங்கியது ஒரே நிறுவனம்: பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. அதற்குத் தூத்துக்குடியில் ஏஜெண்டுகளாக இருந்தவர்கள் ஏ. அண்டு எஃப். ஹார்வி கம்பெனியார். அவ்வூர்க் கோரல் நூற்பாலையின் முதலாளிகளும் அவர்களே. கடலிலே கப்பலும் அவர்கள் கையில், கரையிலே ஆலையும் அவர்கள் கையில். இதை நினைவில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

1906 அக்டோபர் 16ஆம் நாள் சுதேசிக் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. முதல் 10 இலட்சம் ரூபாய். பங்குகள் 40,000. ஒரு பங்கு 25 ரூபாய். பங்கின் விலையைக் கவனியுங்கள்! ஆயிரம் ரூபாய்ப் பங்காக வைத்து ஆயிரம் செல்வரோடு முடித்திருக்கலாம். 25 ரூபாய் என்று வைத்ததன் பொருள், சிறு கடைக்காரரும் பள்ளி ஆசிரியரும் குமாஸ்தாவும் பங்குதாரராகட்டும் என்பதே. பங்கு வாங்கும் உரிமை ஆசிய மக்களுக்கு மட்டுமே. மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் 8,000 பங்குகளை, அதாவது 2 இலட்சம் ரூபாய் மதிப்புள்ளவற்றை, ஒருவராகவே வாங்கினார். சைவப் பிள்ளை செயல் புரிய, மறவர் குலத் தேவர் தலைமை தாங்க, முஸ்லிம் வணிகர் முதல் தர, கப்பல் புறப்பட ஆயத்தமாயிற்று. சாதியும் மதமும் குறுக்கே வந்து நிற்கவில்லை.

பதிவாகி ஆறு நாட்கள் சென்றன. அக்டோபர் 22ஆம் நாள் சென்னையிலே ஓர் இடி விழுந்தது. ஆர்பத்நாட் கம்பெனி கதவை மூடிற்று!

ஆர்பத்நாட் என்றால் அந்நாளில் அசையாத மலை என்று பொருள். ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர், விதவைகள், கோயில் நிருவாகிகள், வக்கீல்கள், நிலக்கிழார் ஆகியோரெல்லாம் தங்கள் சேமிப்பை அங்கே கொட்டி வைத்திருந்தனர். ஏன்? வெள்ளைத்துரை நடத்துகிறான், பொய் சொல்வானா என்ற நம்பிக்கை! நாணயம் தோலின் நிறத்திலே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் ஒரு மூடநம்பிக்கையே. அரசமரத்தைச் சுற்றுவதைக் கேலி செய்த படித்த கூட்டம், ஆர்பத்நாட்டைச் சுற்றி வந்தது. உள்ளே பார்த்தபோது சூதாட்டம்! சேமிப்புப் பணம் வெளிநாட்டு முதலீடுகளிலே விடப்பட்டுக் கரைந்து போயிருந்தது. கடன் பொறுப்பு 2 கோடி ரூபாய்க்கு மேல். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் வழக்கு மன்றத்திலே நின்று 18 மாதக் கடுங்காவல் பெற்றார். போன பணம் போனதுதான்.

அந்தக் கம்பெனியை அரசு தூக்கி நிறுத்தவில்லை. நிறுத்தாதது சரி என்றே சொல்வேன். சூதாடித் தோற்றவனுக்கு இன்னொரு பந்தயத் தொகை தருவது அரசின் வேலையன்று. ஆனால் பணம் போட்டவர்? அவர்கள் சூதாடவில்லை. ஏமாந்தவர்கள். கம்பெனியை விட்டுவிடுவது வேறு, அதை நம்பினவனைக் கைவிடுவது வேறு. இந்த வேறுபாட்டை நம் அரசாங்கங்கள் உணர்வதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1938இல் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கு விழுந்தது. 1960இல் பாலாய் சென்ட்ரல் பாங்கு விழுந்தது. அதன் பிறகே, 1962 சனவரியில், பாங்கிலே போடும் தொகைக்குக் காப்புறுதி என்னும் ஏற்பாடு வந்தது. ஆர்பத்நாட் வீழ்ந்த புழுதி அடங்குமுன் இந்தியன் பாங்கு 1907இல் தோன்றியது என்பதையும் சொல்லவேண்டும். ஏமாந்தவர்கள் ஒப்பாரியோடு நின்றுவிடவில்லை.

மீண்டும் துறைமுகத்துக்கு வருவோம்.

சுதேசிக் கம்பெனிக்கு முதலிலே சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயிலே ஒரு கம்பெனியிடம் குத்தகைக்கு எடுத்தனர். பிரிட்டிஷ் கம்பெனியின் நெருக்குதலால் அந்தக் குத்தகை கைநழுவியது. கொழும்பிலிருந்து வேறு கலம் பிடித்தனர். வாடகைக் குதிரையிலே போர்க்களம் போக முடியாது என்று உணர்ந்த சிதம்பரனார் வடநாடு சென்றார். கப்பலோடு திரும்புவேன், இல்லையேல் கடலிலே வீழ்ந்து மாய்வேன் என்று சூள் உரைத்தே சென்றார். 1907 மே மாதம் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. காலியா பிரான்சு நாட்டிலிருந்து வாங்கப்பட்டது. ஒவ்வொன்றும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளையும் ஆயிரக்கணக்கான மூட்டைகளையும் ஏற்ற வல்லது.

கட்டணப் போர் தொடங்கிற்று. பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி அரை ரூபாய் என்றது. பிறகு பிரிட்டிஷ் கம்பெனி, காசே வேண்டாம், ஏறிக்கொள் என்றது. ஏறினவனுக்கு ஒரு குடையும் கொடுத்தது என்பர். இதைக் கேட்டுச் சிரிப்போர் உண்டு. சிரிப்பதற்குரியதன்று. இலவசமாக ஆள் ஏற்றும் கப்பல் எந்தப் பணத்தால் நீராவி எழுப்பியது? நிலக்கரி இலவசமாக வந்ததா? மாலுமி ஊதியமின்றி உழைத்தானா? ஒரு துறையிலே இழந்ததைப் பல துறைகளிலே ஈடுசெய்யும் வலிமை அதற்கு இருந்தது. அந்த வலிமை வந்த வழி எது?

1856இல் கல்கத்தா அண்டு பர்மா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி என்று வில்லியம் மக்கின்னன் தொடங்கியது அது. தொடக்கமே தபால் ஒப்பந்தம். 1862இல் இந்திய அரசாங்கத்தோடு விரிந்த தபால் ஒப்பந்தம் ஏற்பட்டபோதுதான் பிரிட்டிஷ் இந்தியா என்ற பெயரையே சூட்டிக்கொண்டது. கடிதப் பை ஏற்றிச் செல்வதற்கு ஆண்டுதோறும் அரசாங்கப் பணம். பை கனமாக இருந்தாலும் பணம், இலேசாக இருந்தாலும் பணம். பயணி வந்தாலும் வராவிட்டாலும் கப்பல் ஓடும். அந்தப் பணம் இந்திய மக்கள் செலுத்திய வரி. நம் வரிப்பணத்திலே வளர்ந்த கப்பல், நம்மவர் கப்பலை ஒழிக்க நமக்கே இலவசப் பயணம் தந்தது. இதற்கு அவர்கள் மானியம் என்று பெயர் வைக்கவில்லை, மீட்பு என்று பெயர் வைக்கவில்லை. ஒப்பந்தம் என்றனர். பெயரை மாற்றினால் பொருள் மாறிவிடுமா?

ஆனால் கட்டணப் போரிலே சுதேசிக் கம்பெனி சாகவில்லை. மக்கள் இலவசத்தைத் தள்ளிக் காசு கொடுத்து நம் கப்பலில் ஏறினர். வணிகர் தங்கள் சரக்கைத் திருப்பினர். சந்தையிலே வெல்ல முடியாததைச் சட்டத்தாலே வெல்லத் துணிந்தது ஆட்சி.

1908 பிப்ரவரி 27இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். நீண்ட நேர வேலை, குறைந்த கூலி, வார விடுமுறையின்மை. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். மார்ச் முதல் வாரத்திலே ஆலை முதலாளிகள் இறங்கிவந்து, ஊதிய உயர்வும் விடுமுறையும் தர இசைந்தனர். கப்பலிலே ஹார்விக்குப் போட்டி, ஆலையிலே ஹார்விக்குத் தோல்வி! ஒரே முதலாளிக்கு இருமுனையிலும் அடி. ஐந்தாறு நாட்களுக்குள், மார்ச் 12இல், சிதம்பரனாரும் சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டிலே நால்வர் மாண்டனர். பிறகு தண்டப் போலீசைக் கொண்டுவந்து நிறுத்தி, அதன் செலவையும் ஊர் மக்கள் தலையிலேயே கட்டினர். ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே, சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டிலே தண்டனை குறைந்தது. ஆனால் கோவைச் சிறையிலே செக்கிழுத்த நாட்களை எந்த மேல்முறையீடும் திருப்பித் தரவில்லை.

கம்பெனியின் உதவிச் செயலாளர் சிறையிலே. பங்கு வாங்கினவர் பெயரெல்லாம் அதிகாரிகளின் பட்டியலிலே ஏறுமோ என்ற அச்சம். புதிதாகப் பங்கு வாங்க எவர் வருவார்? சரக்கு ஏற்ற எந்த வணிகர் துணிவார்? மூன்றாண்டு தள்ளாடியபின் 1911இல் கம்பெனியைக் கலைத்தனர்.

விதி என்பார்கள் சிலர். நல்லவர் வாழமாட்டார், விதி அப்படி என்று பெருமூச்சு விடுவர். விதி என்று ஒன்று இருந்தால், அது மைக்கூட்டிலே பேனாவைத் தோய்த்து, கலெக்டர் கச்சேரியிலே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தது. எழுதிய கையை விட்டுவிட்டு எழுத்தைப் பழிப்பதிலே பயனில்லை.

ஆங்கிலேயர் அந்நாளில் நமக்குச் சொல்லிவந்த பாடம் ஒன்று உண்டு. தொழிலிலே அரசு தலையிடலாகாது. வல்லவன் வாழ்வான், வல்லமையற்றவன் வீழ்வான். பொருளாதாரப் புத்தகம் அப்படித்தான் சொல்கிறது என்றனர். அந்தப் புத்தகத்தைத் தங்கள் வீட்டிலே அவர்கள் எப்போதாவது திறந்ததுண்டா?

1770இல் வங்காளத்திலே கொடும் பஞ்சம். மூன்றிலொரு பங்கு மக்கள் மாண்டனர் என்று வாரன் ஹேஸ்டிங்சே கணித்தார். அந்நாட்டின் வரியை வசூலித்த கிழக்கிந்தியக் கம்பெனி, மறு ஆண்டே தன் பங்குதாரருக்கு நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம் ஆதாயம் வழங்கிற்று! 1772இல் கஜானா காலி. இலண்டன் அரசாங்கத்தின் வாயிலிலே போய் நின்றது. தலையிடாக் கொள்கை பேசினார்களா? 1773இல் 14 இலட்சம் பவுன் கடன் கொடுத்தனர். கிடங்கிலே தேங்கிக் கிடந்த தேயிலையை அமெரிக்கக் குடியேற்ற நாடுகளிலே நேரே கொண்டுபோய் விற்கச் சட்டமும் செய்து தந்தனர். அந்தத் தேயிலையைத்தான் பாஸ்டன் நகர மக்கள் கடலிலே வீசினர். ஒரு கம்பெனியை மீட்கப் போய் ஒரு கண்டத்தையே இழந்தனர் என்று சொல்வது சற்று மிகையாகலாம். ஆனால் முற்றும் பொய்யன்று.

அதோடு நின்றதா? 1833இல் அந்தக் கம்பெனியின் வாணிபத்தை நிறுத்தினர். வாணிபம் இல்லாத கம்பெனிக்கு ஆதாயம் ஏது? ஆனாலும் பங்குதாரருக்கு ஆண்டுதோறும் நூற்றுக்குப் பத்தரை வீதம், 6,30,000 பவுன், இந்திய வருவாயிலிருந்து தரப்படும் என்று சட்டம் எழுதினர். 1857 வந்தது, கம்பெனி ஆட்சி போயிற்று. ஆதாயம் மட்டும் போகவில்லை. 1874இல் பங்குகளைத் திரும்பப் பெற்றபோது, 100 பவுன் பங்குக்கு 200 பவுன் என்று கணக்குத் தீர்த்தனர். ஆண்டுக்காண்டு அதன் சுமையைத் தாங்கியது யார்? இலண்டன் சீமானா? ஏர் உழுத நம் பாட்டன்.

இரயில்வே கதையும் இதுவே. இருப்புப்பாதை போட இங்கிலாந்துச் செல்வர் முதல் போட்டனர். பாதையிலே ஆதாயம் வராவிட்டால்? கவலை வேண்டாம், நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு இந்திய அரசாங்கம் உறுதி என்றனர். தென்னாட்டிலே முதலில் பாதை போட்ட கம்பெனிகளிலே ஒன்றான கிரேட் சதர்ன் கம்பெனிக்கும் அந்த உறுதி இருந்தது. நட்டமே வராத வாணிபம்! வீழ்ந்தபின் தூக்குவது ஒரு வகை. வீழவே விடாமல் தோளிலே தூக்கிக்கொண்டு நடப்பது இன்னொரு வகை. இங்கிலாந்து முதலாளிக்கு இரண்டாம் வகை வாய்த்தது.

கப்பலுக்கே வருவோம். 1902இல் அமெரிக்கச் செல்வர் ஜே. பி. மார்கன், அட்லாண்டிக் கடலிலே ஓடும் கப்பல் கம்பெனிகளை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கினார். குனார்ட் கம்பெனியும் அவர் கைக்குப் போய்விடுமோ என்று இலண்டன் பதறியது. 1903இல் பிரிட்டிஷ் அரசாங்கம் குனார்டுக்கு 26 இலட்சம் பவுன் கடன் கொடுத்தது. வட்டி நூற்றுக்கு இரண்டே முக்கால்! அதற்கு மேல் ஆண்டுக்கு 1,50,000 பவுன் உதவித்தொகை. அந்தப் பணத்திலே கட்டிய லூசிட்டானியா, மாரிட்டானியா என்னும் கப்பல்கள் முதற்பயணம் புறப்பட்டது 1907இல். காலியாவும் லாவோவும் தூத்துக்குடிக்கு வந்ததும் அதே 1907இல்! அயல்நாட்டு முதலாளி நம் கடல் வழியைப் பிடிக்கக்கூடாது என்று இலண்டன் சொன்னால் அது தேசநலன். அதையே தூத்துக்குடி சொன்னால் அது இராசத்துரோகம்.

ஆகவே, நண்பர்களே, அரசு தொழிலைக் காக்கலாமா என்ற கேள்விக்கு வரலாறு எப்போதோ விடை சொல்லிவிட்டது. காத்துக்கொண்டேதான் வந்திருக்கிறது. யாரைக் காத்தது, எவர் பணத்தில் காத்தது, காத்ததற்கு ஈடாக என்ன பெற்றது என்பவையே மிஞ்சும் கேள்விகள்.

எல்லா வீழ்ச்சியும் அநீதியன்று என்பதற்கு அதே கடலிலே, மன்னார் வளைகுடாவின் மறுகரையிலே, ஒரு சான்று உண்டு. இலங்கைப் பக்கத்து முத்துப் பார்களை 1906இல் ஆங்கிலேய அரசு ஒரு தனியார் கம்பெனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. ஆண்டுக் குத்தகை 3,10,000 ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டுகளிலே முத்துக் குவிந்ததைக் கண்டு மயங்கிய இலண்டன் முதலாளிகள் பணத்தைக் கொட்டினர். ஆனால் முத்துச் சிப்பி, பங்குச் சந்தையைக் கேட்டு வளர்வதில்லை. சில ஆண்டு பார் நிறையும், பல ஆண்டு வெறும் மணலாகக் கிடக்கும். 1907க்குப் பின் குளிப்பு இல்லை. 1912இல் கம்பெனி கலைந்தது. அதற்காகக் கண்ணீர் விட ஒன்றுமில்லை. இயற்கையை அறியாமல் ஆடிய ஆட்டம் தோற்றது. பார்கள் மீண்டும் அரசின் கைக்கு வந்தன.

ஆனால் குளித்தவன்? தூத்துக்குடிக் கரையிலும் இலங்கைக் கரையிலும் மூச்சையடக்கி மூழ்கி எடுத்த சிப்பியிலே மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கே முத்துக்குளிப்போருக்கு. இலங்கை முத்துக்குளிப்பிலே சுறாவின் வாயை மந்திரத்தாலே கட்டுவதாகச் சொன்ன கடல்கட்டிக்குக்கூடச் சென்ற நூற்றாண்டுக்கு முன்பு சர்க்கார் படியளந்தது! மந்திரக்காரனுக்கு ஊதியம் தந்த அரசு, பார் வறண்ட ஆண்டுகளிலே குளிப்பவன் எப்படி உண்பான் என்று கேட்கவில்லை. தூத்துக்குடிக் கரையிலே 1928க்குப் பின் 1955 வரை குளிப்பே இல்லை. 1961க்குப் பிறகு அதுவும் நின்றது. அந்தக் குடும்பங்கள் சங்குக்கும் மீனுக்கும் உப்பளத்துக்கும் போயின. மழைக்காலத்திலே வேலையற்று நிற்கும் உப்பளத் தொழிலாளிக்கு 5,000 ரூபாய் உதவி என்று தமிழ்நாட்டு அரசு அண்மை ஆண்டுகளிலே வழங்கத் தொடங்கியதை வீண்செலவு என்பாரும் உளர். அவர்களிடம் வேறொரு கணக்கைக் காட்டவேண்டும். 2022 சனவரியிலே ஏர் இந்தியா டாட்டா குழுமத்தின் கைக்கு மாறியபோது, அதன் 61,562 கோடி ரூபாய்க் கடனிலே வாங்கியவர் ஏற்றது 15,300 கோடி. எஞ்சியதன் சுமை அரசின் தோளுக்கு வந்தது. அதை அரசே வைத்துக் கெடுத்தது என்பதும் உண்மைதான். ஆயினும் ஐயாயிரத்துக்கு முகம் சுளிப்பவர் கோடிகளுக்குச் சுளிக்காதது விந்தை.

காப்பாற்றப்பட்டவனிடம் நிபந்தனை கேட்காவிட்டால் என்ன ஆகும்? 1924இல் டாட்டா எஃகு ஆலை தத்தளித்தபோது, எஃகுத் தொழில் பாதுகாப்புச் சட்டம் செய்து, வெளிநாட்டு எஃகுக்கு வரி விதித்து, உதவித்தொகையும் தந்து அரசு காத்தது. காத்தது தவறன்று. ஆலை நின்றது, நாட்டுக்குப் பயன்பட்டது. ஆனால் நான்கே ஆண்டிலே, 1928இல், ஆட்குறைப்பை எதிர்த்து ஜாம்ஷெட்பூர்த் தொழிலாளர் மாதக்கணக்கில் போராட நேர்ந்தது. பாதுகாப்பு ஆலைக்கு வந்தது, ஆலையிலே உழைத்தவனுக்கு வரவில்லை. 2008இல் அமெரிக்கா 70,000 கோடி டாலர் வரை ஒதுக்கித் தன் பாங்குகளையும் நிறுவனங்களையும் தாங்கிற்று. அரசுப் பணத்தால் உயிர்பிழைத்த ஏ.ஐ.ஜி. காப்பீட்டுக் கம்பெனி, மறு ஆண்டிலே தன் அதிகாரிகளுக்குப் பெருந்தொகையை வெகுமதியாக அளித்தது. தீ வைத்தவனுக்கே தீயணைப்புப் பரிசு!

சுதேசிக் கம்பெனியிலே குற்றமே இல்லையா என்று ஒருவர் கேட்கலாம். கேட்கவேண்டும். வழிபாடு நமக்கு வேண்டாம். பத்து இலட்ச முதலிலே இரு கப்பல்களை வாங்கி, கையிருப்பு இல்லாமல் கட்டணப் போருக்குப் போனது துணிவு. கணக்கறிந்தவர் அதைத் துணிவு என்று மட்டும் சொல்லமாட்டார். ஒரு மனிதரின் தோளிலேயே கம்பெனி நின்றது. அவர் சிறை புகுந்ததும் தாங்க ஆளில்லை. வசதி படைத்த பங்குதாரர் பலருக்குக் கப்பல் வேண்டியிருந்தது, அரசியல் வேண்டியிருக்கவில்லை. இந்நாட்டிலே இரண்டையும் பிரிக்க முடியாது என்பதை அவர்கள் உணர மறுத்தனர். இன்னொன்றும் உண்டு. 1914 பிப்ரவரியிலே பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. சென்னை இரயில் தனுஷ்கோடிக்குப் போயிற்று, அங்கிருந்து தலைமன்னாருக்குச் சிறு கடற்பயணம். தூத்துக்குடி–கொழும்புப் பயணிகளிலே பெரும் பகுதியினர் அந்த வழிக்கு மாறினர். 1911இல் எவரேனும் கம்பெனியை மீட்டிருந்தாலும் மூன்றாண்டிலே அடுத்த அடி விழுந்திருக்கும்.

உண்மைதான். ஆனால் கப்பல் தண்டவாளத்திலே ஓடுவதன்று. ஒரு துறை வறண்டால் வேறு துறைக்குத் திரும்பும். சரக்கு ஏற்றும். பிரிட்டிஷ் கம்பெனியும் அந்த ஆண்டிலே பயணிகளை இழந்தது, அழிந்தா போயிற்று? பி. அண்டு ஓ. கம்பெனியோடு 1914இல் இணைந்து முன்னிலும் பெரிதாக வளர்ந்தது. பாலத்தைத் தாண்டி வாழ்வதா சாவதா என்பதைச் சுதேசிக் கம்பெனி தன் சொந்த அறிவால் தீர்மானித்துக்கொண்டிருக்கும். அதற்கான வாய்ப்புத்தான் மறுக்கப்பட்டது. அரசாங்கத்திடம் அது கடன் கேட்கவில்லை. தபால் பை கேட்கவில்லை. வட்டிக்கு உறுதி கேட்கவில்லை. வழிவிடு என்றுதான் கேட்டது.

1912 டிசம்பரிலே சிதம்பரனார் கண்ணனூர்ச் சிறையிலிருந்து வெளிவந்தார். கம்பெனி இல்லை, கப்பல் இல்லை, வழக்கறிஞர் தொழிலுக்கான உரிமையும் பறிபோயிருந்தது. சென்னையிலே கடை வைத்துப் பிழைக்க முயன்றார். பல்லாண்டுகளுக்குப் பின் உரிமை திரும்பக் கிடைத்து, கோவிற்பட்டியிலும் தூத்துக்குடியிலும் வழக்காடினார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தார். 1936 நவம்பர் 18இல் மறைந்தார். 10 இலட்ச ரூபாய்க் கம்பெனி கண்ட அவர் விட்டுச்சென்ற உயிலிலே, கடைக்காரர்களுக்குத் தாம் தீர்க்கவேண்டிய சிறு சிறு கடன்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன.